மணற்குன்று நாட்டில் சனி, ஞாயிறு

கேள்வி இதுதான்: கணவருக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வாலண்டைன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மேப்பில் பார்த்தால் சுற்றிலும் வெறும் புல். இந்தியக் கடை இல்லை, மால் இல்லை, தெரிந்தவர் யாரும் இல்லை. சனி, ஞாயிறு எப்படிப் போகும்? பைத்தியம் பிடித்துவிடாதா?

பிடிக்காது. அதற்கும் கொஞ்சம் உட்கார நேரம் வேண்டுமே. நான் அந்தப் பக்கம் 11 வருடமாக இருக்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. குடியிருப்பது ஒரு ரான்ச்சில், அதாவது பெரிய மாட்டுப் பண்ணையில், முன்பு வேலையாள் குடும்பத்துக்காகக் கட்டிய பழைய வீட்டில், வாடகைக்கு. திங்கள்கிழமை காலை ஆய்வகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதுதான் "அப்பாடா" என்று வாயில் வரும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். வாலண்டைன், செர்ரி கவுன்டியின் தலைநகர். கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. இந்த ஒரு கவுன்டியே ஏறத்தாழ 6,000 சதுர மைல். தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,455. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வாலண்டைன் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். மிச்சமுள்ளவர்களைக் குன்று குன்றாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மண்ணைத் தோண்டினால் மணல். காற்று குவித்த மணல் மேடுகளின் மேல் புல் மூடி நிற்கிறது, அவ்வளவுதான். உழுதால் பறந்துவிடும். ஒரு பசுவும் கன்றும் வருடம் முழுக்க மேய 15 முதல் 20 ஏக்கர் வேண்டும். 1904-இல் கின்கெய்டு சட்டம் என்று ஒன்று வந்தது. மற்ற இடங்களில் குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் என்றால் இங்கே 640 ஏக்கர் இலவசம். தாராளமாகத் தெரிகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பது நாற்பது பசுவுக்குமேல் தாங்காது. வந்தவர்களில் பலர் விற்றுவிட்டுப் போனார்கள், நின்றவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் ஏக்கர் என்று ஆனது அப்படித்தான். பக்கத்து வீடு பத்து மைல் தள்ளி என்பதும் அப்படி வந்ததே.

சரி, ஆள் இவ்வளவு குறைவாக இருந்தால் என்ன ஆகும்? இருநூறு கன்றுக்கு ஒரே நாளில், யாருடையது என்று அடையாளச் சூடு போட (அங்கே அதற்கு பிராண்டிங் என்று பேர்) நாற்பது கை வேண்டும். வீட்டில் இருப்பது நாலு கை. ஆகவே அங்கே விசேஷம் வேறு, வேலை வேறு என்று பிரிக்க முடியாது. பாதி விசேஷங்கள் வேலைக்காகக் கூடுபவை. மீதிக்குப் போகாவிட்டால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாமல் விடுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தில் மாட்டிக்கொண்டால் நீங்கள் பயப்படுகிற தனிமை நிஜமாகவே வந்துவிடும்.

போன மே மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

வெள்ளி இரவே தகவல் வந்துவிட்டது: பிராண்டிங், காலை 6 மணி. நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "எந்த 6 மணி?" சிரிக்காதீர்கள். செர்ரி கவுன்டியின் கிழக்குப் பாதி சென்ட்ரல் நேரத்திலும் மேற்குப் பாதி மவுன்டன் நேரத்திலும் இருக்கிறது. தெற்கே தெட்ஃபோர்டு என்ற ஊரில் 5 மணிக்குக் கிளம்பி மேற்கே முல்லன் போனால் அங்கே நாலரை மணிதான் ஆகியிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து பள்ளி விளையாட்டு அட்டவணை வரை மணிக்குப் பக்கத்தில் எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். முதல் வருடம் நான் ஓர் இறுதிச் சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், காலியான தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தேன். பூ அடுக்க வந்த அம்மாள், இறந்தவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார்.

விடிவதற்கு முன் கிளம்பினால் ஒரு லாபம் உண்டு. கூர்வால் கொண்ட, கௌதாரி மாதிரியான ஒரு பறவை, ஏப்ரல் மே மாதங்களில் குன்றின் உச்சியில் கூடி ஆடும். சேவல்கள் இறக்கையை விரித்து, வாலை நிமிர்த்தி, காலால் தரையைத் தடதடவென்று தட்டும். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் பொம்மைக் கார் சாவி கொடுத்து விட்ட மாதிரிச் சத்தம் கேட்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனேன். அதற்குள் குதிரைக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள்.

பிராண்டிங் என்றால் கன்றுக்குச் சூடு போடுவது. அதோடு அந்த ஒரே பிடியில் தடுப்பூசி, கிடாக் கன்றுக்குக் காயடிப்பு எல்லாம் முடிந்துவிடும். இந்த நாள் எங்கிருந்து வருகிறது என்றால் போன வருடம் ஜூனிலிருந்து. ஜூன் முதல் வாரம் பொலிகாளைகளை மந்தையில் விடுவார்கள், ஏறத்தாழ 25 பசுவுக்கு ஒரு காளை. சினைக்காலம் 283 நாள். மார்ச் நடுவில் ஈற்று தொடங்கும். மே நடுவில் கன்றுக்கு இரண்டு மாதம் ஆகி, ஒருவர் தூக்க முடியாத, ஆனால் இருவர் அமுக்கிப் பிடிக்க முடிகிற அளவில் நிற்கும். கோடை மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் இதை முடித்தாக வேண்டும். அங்கே நாள் குறிப்பது ஜோசியர் இல்லை, போன வருடத்துக் காளைதான்.

குதிரையில் பத்துப் பன்னிரண்டு பேர் அரை வட்டமாக விரிந்து பசுவையும் கன்றையும் சேர்த்துப் பட்டிக்கு ஓட்டி வருவார்கள். பட்டியில் தாயைப் பிரித்து வெளியே விட்டதும் ஒரு கூப்பாடு எழும் பாருங்கள், இருநூறு தாய்களும் இருநூறு கன்றுகளும் ஒரே நேரத்தில். அந்தச் சத்தத்தில் யாரும் பேச மாட்டார்கள், கை ஜாடைதான். குதிரையில் இருப்பவர் மெதுவாக நடந்துபோய் சுருக்குக் கயிற்றைக் கன்றின் பின்னங்காலுக்கு முன்னால் நிறுத்துவார். கன்று தானே அதற்குள் காலை வைக்கும். சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றி, நெருப்பு இருக்குமிடத்துக்கு இழுத்து வருவார். அவசரப்படுகிற ஆளுக்கு அங்கே மதிப்பில்லை. ஓட்டினால் கன்று களைக்கும், தூசி கிளம்பும், தூசி கன்றின் நுரையீரலுக்குப் போகும்.

தரையில் இருவர். ஒருவர் கழுத்துப் பக்கம் முட்டி போட்டு முன்னங்காலை மடக்கிப் பிடிப்பார். இன்னொருவர் பின்னால் மண்ணில் உட்கார்ந்து, மேல்காலைத் தன் மார்புவரை இழுத்துக்கொண்டு கீழ்க்காலைத் தன் பூட்ஸால் முன்னே தள்ளி வைப்பார். இந்த இடம் பெரும்பாலும் பள்ளிப் பையன்களுக்கும் பெண்களுக்கும். பிறகு இரும்பு வரும். இப்போது விறகு நெருப்பு குறைவு, கேஸ் அடுப்பில்தான் காய்ச்சுகிறார்கள். இரும்பு சிவக்கக் காய்ந்திருக்கக் கூடாது, சாம்பல் நிறம்தான் பதம். சில விநாடிகள்தான் வைக்க வேண்டும். எடுத்ததும் தோல் புதுச் செருப்புத் தோலின் நிறத்தில் இருந்தால் சரியாக விழுந்திருக்கிறது. முடி கருகும் புகை உடுப்பில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது, ஆகவே காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

கன்றுக்கு வலிக்குமா? வலிக்கும். முதல் வருடம் எனக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை, இப்போதும் அந்த மணம் பிடிக்காது. ஆனால் காதில் மாட்டுகிற அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்துவிடலாம், தோலில் விழுந்ததை என்ன செய்ய முடியும்? நெப்ராஸ்காவின் மேற்கு மூன்றில் இரண்டு பங்கில் மாட்டை விற்கும்போது பிராண்டைப் பார்த்துச் சரிபார்க்கிற ஆய்வாளர் உண்டு. 1941 முதல் இதற்கென்றே பிராண்ட் கமிட்டி என்று ஒரு மாநில அமைப்பு இருக்கிறது. உருவம் மட்டுமல்ல, இடது இடுப்பா, வலது விலாவா என்ற இடமும் சேர்த்துத்தான் பதிவு. படிப்பதற்கும் முறை இருக்கிறது: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். எழுத்து படுத்திருந்தால் அதற்கு "லேசி" என்று பேர். படுத்த எஸ் என்றால் "லேசி எஸ்", அதாவது சோம்பேறி எஸ். சின்னக் கோடு "பார்". அடியில் தொட்டில் மாதிரி வளைவு இருந்தால் "ராக்கிங்". ஒரு மணி நேரம் யாராவது பெரியவர் பக்கத்தில் நின்றால் சுற்றுவட்டாரத்து மாட்டு இடுப்பையெல்லாம் பேப்பர் மாதிரிப் படிக்கப் பழகிவிடலாம்.

எனக்குக் கொடுத்த வேலை ஊசி. "ஆய்வகத்தில் வேலை செய்கிறவன், ஊசி உனக்குப் பழக்கம்தானே" என்று முதல் வருடமே தலையில் கட்டிவிட்டார்கள். நான் குத்தியதெல்லாம் அசையாமல் கை நீட்டுகிற மனிதர்களை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. துப்பாக்கி மாதிரி விசை வைத்த ஊசி; அழுத்தினால் அளவு மருந்து போகும். சப்பைநோய்க்கு ஒன்று, மூச்சு நோய்களுக்கு ஒன்று. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி அடியில் போட வேண்டும். தொடையில் போடக்கூடாது, அது நாளைக்கு விலை போகிற கறி. இரண்டாவது மருந்து உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், வெயில் படக்கூடாது. அதனால் ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஊசியை அதற்குள் செருகி வைப்பார்கள். ஒரு எட்டு வயதுப் பெண் மெழுகுக் கட்டியால், ஊசி போட்ட கன்றின் முதுகில் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். நான் ஒன்றை விட்டுவிட்டேன். "அதுக்கு இன்னும் போடலை" என்று அவள் சொன்ன தோரணையில் என் மேலாளர்கூட என்னிடம் பேசியதில்லை.

காயடித்து எடுத்ததை ஒரு வாளியில் போடுவார்கள். கடைசியில் அதை எண்ணி இரண்டால் வகுத்தால் எத்தனை கிடாக் கன்று என்று தெரிந்துவிடும். பொரித்துச் சாப்பிடவும் செய்வார்கள். உங்களிடம் நீட்டுவார்கள், எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கயிறு வீச மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். யார் குதிரையில் ஏறிக் கயிறு போடலாம் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அது அங்கே தாம்பூலம் கொடுக்கிற மாதிரி, யாருக்கு முதலில் என்பதில் வருடக்கணக்கான கணக்கு இருக்கிறது. கூலி என்ற பேச்சே கிடையாது. அடுத்த சனிக்கிழமை வந்தவர்களில் ஒருவர் வீட்டில் பிராண்டிங், இவர்கள் எல்லோரும் அங்கே போவார்கள். என்னிடம் மாடு இல்லை. ஆனால் ஜனவரியில் பனி மூடினால் நான் கேட்பதற்கு முன்பே யாரோ டிராக்டரில் வந்து பாதையைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். யார் என்று சில தடவை கடைசிவரை தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கே "டின்னர்" என்று பேர். "லன்ச்" என்றால் பிற்பகலில் கொறிப்பது. டின்னருக்குக் கூப்பிட்டார்கள் என்று இரவு 7 மணிக்குப் போய் நிற்காதீர்கள். அடுப்பில் இரவெல்லாம் வெந்த மாட்டுக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், பன், வரிசையாக ஏழெட்டு "பை" (மாவுக்குள் இனிப்பு வைத்துச் சுட்ட பண்டம்). நான் மாடு சாப்பிடுவதில்லை. மாட்டை வைத்துப் பிழைக்கிற ஊரில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, முதல் வருடம் பன்னும் உருளைக்கிழங்கும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வீட்டுக்கார அம்மாள் கவனித்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து பன்றிக்கொழுப்பு சேர்க்கும் முன் பீன்ஸில் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிடுகிறார். ஏன் என்று இதுவரை கேட்டதில்லை.

நீங்களும் ஏதாவது செய்து எடுத்துப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவேன், எங்கள் அப்பத்தாவின் எவர்சில்வர் தூக்குச்சட்டியில். அங்கே எல்லோரும் பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள், கலந்துவிடக் கூடாதே என்று. அந்த வீட்டுப் பெரியவர், எழுபது தாண்டியவர், என் சட்டியைத் திருப்பித் திருப்பி டேப்பைத் தேடினார். விளிம்பில் அப்பத்தாவின் பெயரும் வருடமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் வீட்டுப் பிராண்டா?" என்றார். யோசித்துப் பார்த்தால் வேறென்ன? ஆமாம் என்றேன். இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல பிராண்ட். யாராலும் மாற்றி எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் போட்டுக்கொண்டார்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு ஓடி, குளித்து, உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்து (இதை மறக்கவே கூடாது, மே மாதப் புல்லில் உண்ணி கொட்டிக் கிடக்கும்), சட்டை மாற்றி, பள்ளிக்கு. அன்றைக்குப் பட்டமளிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். காலையில் கன்றின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்ட இரண்டு பையன்கள் இப்போது தொப்பியும் அங்கியும் போட்டு நின்றார்கள். ஒருவனுடைய முழங்கையில் புதுச் சிராய்ப்பு. மறுநாள் அன்னையர் தினம் என்பதால் ஒவ்வொருவரும் இறங்கி வந்து அம்மாவிடம் ஒரு ரோஜா கொடுத்தார்கள். கூட்டத்தில் தொண்டையைச் செருமாத ஆண் ஒருவர்கூட இல்லை.

விழா அரை மணி நேரம்தான். அதற்குப் பின் ஒன்பது வீட்டு வரவேற்பு இருக்கிறது. முட்டிக்கொள்ளாமல் நேரம் பிரித்து வைத்திருப்பார்கள், முடிந்தவரை எல்லாவற்றுக்கும் தலை காட்ட வேண்டும். குழந்தைப் பருவத்திலிருந்து ஒட்டிய படப் பலகையைப் பார்க்க வேண்டும், கேக் சாப்பிட வேண்டும், வாழ்த்து அட்டைக்குள் இருபது டாலர் வைத்துக் கூடையில் போட வேண்டும். மொய்தான். நோட்டுப் போட்டு எழுத ஆள் உட்காரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பையனே கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் தபாலில் வரும், வைத்த தொகையைக் குறிப்பிட்டு. நான் ஐந்து வீட்டோடு நிறுத்திக்கொண்டேன், 90 மைல் ஓட்டியாயிற்று.

ஞாயிறு காலை தீயணைப்பு நிலையத்தில் பேன்கேக். இதைப் பிள்ளை விளையாட்டாக நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் சம்பளத்துக்குத் தீயணைப்பவர் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள். நேற்று இரும்பு பிடித்தவர், தபால் நிலையத்தில் இருப்பவர், பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர். தோசைத் திருப்பியோடு நிற்கிற அதே ஆள் இடுப்பில் பேஜரோடுதான் நிற்கிறார். வாசலில் ஒரு வாளி, விருப்பப்பட்டதைப் போடலாம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பணத்தில்தான் குழாயும் தலைக்கவசமும் வாங்குவது. புல் காய்ந்து, காற்றும் சேர்ந்துகொண்டால் தீ எவ்வளவு வேகமாகப் போகும் என்பது இவர்களுக்கு மறக்காது. 2022 அக்டோபரில் ஹால்சி பக்கத்தில் போவீ தீ என்று ஒன்று ஏறத்தாழ 19,000 ஏக்கரை எரித்தது. கையால் நட்டு வளர்த்த காட்டின் ஒரு பகுதியும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் போய்வந்த முகாம் வீடுகளும் போயின. அணைக்கப் போன தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றின் துணைத் தலைவர் இறந்தார். அதனால்தான் அநேகமாக எல்லா ரான்ச்சிலும் ஒரு பழைய பிக்கப் வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றி எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள். பேஜர் அலறினால் மாட்டையும் குதிரையையும் அப்படியே விட்டுவிட்டு முதலில் கிளம்புவது அதுதான். நான் இருபது டாலர் போட்டேன், இரண்டு பேன்கேக் சாப்பிட்டேன்.

தேவாலயம் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை, போனால் இடம் கொடுப்பார்கள். ஒரே போதகர் இரண்டு மூன்று ஊருக்குப் பொறுப்பாக இருப்பார், ஒன்று முடித்து அடுத்ததற்கு ஓட்டுவார்.

பிற்பகலில், எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரரோடு மாடுகளின் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போனேன். இது வாராவாரம் உண்டு. அடியில் ஒகல்லாலா நிலத்தடி நீர், சில இடத்தில் பத்துப் பதினைந்து அடியிலேயே கிடைக்கும். காற்றாடி அதை இறைத்துத் தொட்டியில் கொட்டும். இப்போது சோலார் பம்புகளும் வந்துவிட்டன. ஆனால் காற்று நின்றாலோ பம்பின் தோல் வாஷர் தேய்ந்தாலோ மாட்டுக்குத் தண்ணீர் இல்லை. வெயில் காலத்தில் பால் கொடுக்கும் பசு ஒரு நாளைக்கு 70 லிட்டர்வரை குடிக்கும். நூறு பசு என்றால் பாருங்கள். அதனால்தான் மேய்ச்சல் வேலிக் கதவு விஷயத்தில் அவ்வளவு கறார். திறந்திருந்த கதவு திறந்தே இருக்க வேண்டும், மூடியிருந்தது மூடியே இருக்க வேண்டும். நான் வந்த முதல் கோடையில் திறந்து கிடந்த ஒரு கம்பிக் கதவை, பாவம் யாரோ மறந்துவிட்டார்கள் என்று, இழுத்து மூடி மாட்டிவிட்டு வந்தேன். அதன் வழியாகத்தான் அந்த மந்தை தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவர் போய்ப் பார்த்தபோது எல்லாம் வேலியோரம் நெருக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தனவாம். திட்டவில்லை. மாலையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்து, நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம், அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கதவைத் திறப்பது எப்போதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் வேலை. முட்கம்பியும் குச்சிகளும் சேர்த்துக் கட்டிய கதவு. கடைசிக் குச்சியைத் தோளால் கட்டி அணைத்து நெருக்கினால்தான் மேலே உள்ள கம்பி வளையம் கழலும். எனக்கு அது கைவர ஒரு வருடம் ஆனது. அன்றைக்கு ஏழு கதவு. இரண்டு இடத்தில் மான் தாண்டி அறுத்த கம்பியை முறுக்கிக் கட்டினோம், உப்புக்கட்டி இறக்கினோம், ஒரு தொட்டியில் மிதவை மாட்டியிருந்ததைத் தட்டிவிட்டோம். வண்டியைத் தடத்தை விட்டு இறக்கவே கூடாது. புல்லின் வேர் ஒருமுறை கிழிந்தால் காற்று அங்கிருந்து மணலைத் தோண்ட ஆரம்பித்து, சில வருடத்தில் ஒரு வீடு அளவுக்குக் குழியாக்கிவிடும். அப்படிப் பழைய குழி ஒன்றில் டயர்களைப் போட்டு நிரப்பியிருந்தார். "அப்பா ஒரே ஒரு மழை நாளில் அவசரத்துக்கு இறக்கியது" என்றார்.

எத்தனை மாடு இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். பாங்க் பாஸ்புக்கைக் காட்டு என்று கேட்பதற்குச் சமம். மழை எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

திரும்பி வந்தபோது நேற்றுக் கோடு இழுத்த அந்தச் சிறுமி வந்திருந்தாள், வீட்டுக்காரரின் பேத்தி. தாய் செத்துப்போன கன்று ஒன்றைப் பாட்டில் பால் கொடுத்து வளர்க்கிறாள், ஃபோர்-எச் என்ற பிள்ளைகள் சங்கத்துக்காக. ஆகஸ்டில் கவுன்டி சந்தையில் அதைக் கயிறு பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். நடுவர் எவ்வளவு பால், என்ன தீவனம் என்றெல்லாம் கேட்பார், அவளே பதில் சொல்ல வேண்டும். என்னை நடுவராக நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள். கன்று என் சட்டையைச் சப்பியது. பெரிய பிள்ளைகள் வளர்த்த காளைகள் அந்தச் சந்தையிலேயே ஏலம் போகும், ஊர்க் கடைக்காரர்கள் சந்தை விலைக்கு மேலேயே கேட்பார்கள். அன்றைக்கு லாயத்தின் பின்பக்கம் போகாதீர்கள், பதினைந்து வயதுப் பையன்கள் மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாமே இனிப்பு என்று சொல்லமாட்டேன். பெரிய கடை வேண்டுமென்றால் நார்த் பிளாட், 130 மைல். பாதி வழியில் போன் எடுக்காது. இரவில் நெஞ்சு வலி என்றால் ஆம்புலன்ஸில் வருபவரும் தன்னார்வலரே, தூக்கத்திலிருந்து எழுந்து வர வேண்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது சனிக்கிழமை பிராண்டிங்கில் தெரிந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஈற்று நேரம், இரவு முழுக்க இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கிடேரிகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் யாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். அந்த இரண்டு மாதம்தான் நிஜமாகவே கஷ்டம். அதற்கு ஒரு நல்ல புத்தக அலமாரி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் தீவனப் புல் அறுப்பு, இலையுதிர் காலத்தில் கன்று பிரித்து விற்பது, வெள்ளி இரவுகளில் அணிக்கு ஆறு பேரே ஆடுகிற ஃபுட்பால். பதினோரு பேர் தேறாத சின்னப் பள்ளிகளுக்காக 1934-இல் நெப்ராஸ்காவிலேயே கண்டுபிடித்த ஆட்டம் அது. விதி புரியாவிட்டாலும் போய் உட்காருங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்றால், வந்த முதல் வாரம் தபால் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் ஒட்டியிருக்கிற துண்டுக் காகிதங்களைப் படியுங்கள். பேன்கேக் என்றால் போங்கள். பட்டமளிப்பு என்றால், யாரையும் தெரியாவிட்டாலும் போங்கள். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள். தெரியாதவராக இருந்தாலும் அவர் தூக்குவார். பிராண்டிங்குக்கு யாராவது "வேண்டுமென்றால் வந்து பாருங்கள்" என்று சொன்னால் அதுதான் அழைப்பு, இரண்டாவது தடவை சொல்லமாட்டார்கள். நல்ல தோல் கையுறை ஒரு ஜோடி, மண் ஆனாலும் பரவாயில்லை என்கிற ஜீன்ஸ்.

அந்தத் தூக்குச்சட்டியை அன்றைக்கு அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துத் தபால் நிலையக் கவுன்டரில் இருந்தது, உள்ளே ஒரு டஜன் முட்டையோடு. யார் கொண்டுவந்தார், எத்தனை கை மாறியது, தெரியாது. ஊருக்குப் போய்விட்டு வரும்போது பெயர் வெட்டிய பாத்திரம் இரண்டு மூன்று கூடுதலாகப் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள்.